வாடகை நகைக்கு வந்த மரியாதை

கவரிங் நகை வாடகைக்கு விடுகிறவளுக்கு முதலில் வேண்டியது வாயைக் கட்டும் பழக்கம், நகையெல்லாம் அப்புறம்தான். சிரம்பானை ஒட்டிய லாபுவில் என் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி போட்டு, மணப்பெண் அலங்காரத்தையும் நகை வாடகையையும் சேர்த்து நடத்துகிறேன். பந்தல், நாற்காலி, அண்டா என்று கல்யாணத்துக்கு எதையாவது வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தவரை அதற்காக யாரும் பணக்காரர் என்று நினைப்பதில்லை. என் சரக்கை மாட்டிக்கொண்டவளை ஊரே அப்படித்தான் நினைக்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

குஷன் நாற்காலி

ஒருமுறை சிரம்பானில் ஒரு பெண்ணுக்கு அலங்காரம் முடித்துத் திரும்பும்போது பெட்டியில் இடம் போதவில்லை. மிஞ்சிய ஆரத்தையும் வளையல்களையும் நானே மாட்டிக்கொண்டேன். அந்தக் கோலத்தோடே, ரவிக்கைத் துணி வாங்க வழக்கமான புடவைக் கடைக்குள் நுழைந்தேன். எப்போதும் போனிலிருந்து கண்ணை எடுக்காத பெண் எழுந்தே வந்துவிட்டாள். குஷன் நாற்காலி வந்தது, ஐஸ் மைலோ வந்தது, காற்றாடி என் பக்கம் திரும்பியது. நான் கைகாட்டிய புடவையை அவளே மடித்து உள்ளே வைத்தாள். அது எனக்குக் கொஞ்சம் மட்டமாம்.

அந்தப் புடவை மனசிலேயே நின்றுவிட்டது. அடுத்த வாரம் கழுத்தில் தாலிக்கயிறு மட்டும் தெரிய, அந்தப் புடவையையே கேட்டுப் போய் நின்றேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. வாசலில் வெயிலில் கிடந்த கூடையை விரலால் காட்டி, நிமிராமலே சொன்னாள்: "அக்கா, அங்க ஆஃபர் போட்டிருக்கு லா, அதுல தேடிப் பாருங்க."

சரியில்லாத செட்

பக்கத்து ஊர் சுவாவிலிருந்து ஓர் அம்மா புதுமனை புகுவிழாவுக்கு என்று ஒரு செட் எடுத்துப் போனார். திருப்பித் தரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, செட் சரியில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தேன். கொக்கி உறுதியாக இருந்தது, மெருகும் மங்கவில்லை.

என்னதான் குறை என்று கேட்டேன். உறவுக்காரர்கள் எல்லாரும் பிள்ளைகள் படிப்பை விசாரித்தார்களாம், முட்டிவலியை விசாரித்தார்களாம், சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்களாம். இதைவிட மனுஷருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவரோ கழுத்தைத் தொட்டுக் காட்டி நொந்துகொண்டார்: "இது எங்க வாங்குனீங்கன்னு ஒருத்திகூட கேக்கலையே, அப்புறம் என்னம்மா செட்டு இது?"

அத்தையின் தட்டு

மலர் சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். ஒரு நாள் யூனிபார்மோடு மோட்டாரில் வந்து இறங்கி, அலமாரியில் இருப்பதிலேயே பெரிய காசு மாலையைக் கேட்டாள். அவளுடைய அண்ணன் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்குச் சொந்தக்காரர். அவருடைய இரண்டாவது மகள் தாரணிக்குக் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் நலுங்கு வைக்கிற பெண்களை மைக்கில் பெயர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஆள் கணக்கு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். மூத்தவள் கல்யாணத்தில் தோட்டத்து மேனேஜர் மனைவி, கணக்கெழுதும் கிராணி மனைவி, லோரிக்கு டயர் போடுகிறவர் மனைவி என்று ஒன்பது பேர் ஏறி இறங்கினார்கள். சொந்த அத்தை மலர், தட்டை ஏந்திக்கொண்டு கீழே நின்றதோடு சரி. இன்னொருத்தி ஏறினால் பத்தாகிவிடும் என்று அண்ணி ராஜி சொல்லிவிட்டாளாம்.

மலர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாரணியைப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை கையில் வைத்து வளர்த்தவள் அவள். அது தெரியாமல், பணக்காரியாகத் தெரிய ஆசையா என்று வாய்க்கொழுப்பில் கேட்டுவிட்டேன். அவள் மாலையை வருடிக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் இல்லக்கா. நான் குளிப்பாட்டி பவுடர் போட்டுவிட்ட கன்னம் அது. அதுல ஒரு தடவ சந்தனம் வைக்கணும், அவ்வளவுதான்."

பின்வாசல்

அதே வாரம் ஒரு பெரிய கார் என் வீட்டைத் தாண்டி, நாலு வீடு தள்ளிப் போய் நின்றது. இறங்கிய அம்மா பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி என் சமையலறைக்குள் வந்தார். பார்த்தால் ராஜி. தாரணிக்கு அலங்காரம் செய்ய என்னிடம்தான் பேசியிருந்தார்கள். நகையெல்லாம் சொந்தத்திலேயே இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அப்போது கொஞ்சம் அழுத்தியே சொல்லியிருந்தார்.

சொந்த நகை புது லோரிக்காக அடகுக் கடைக்குப் போய்விட்டதாம். மாப்பிள்ளை வீடு பெரிய இடம், பெண்ணை வெறுங்கழுத்தோடு உட்கார வைக்க முடியாது. நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மலருக்காக நான் மெருகு ஏற்றிக்கொண்டிருந்த காசு மாலை மேசை மேலேயே கிடந்தது. பாத்திரம் துடைக்கிற துணியை அதன்மேல் போட்டு மூடினேன். ராஜி குரலைத் தாழ்த்தினார்: "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என் பிள்ள வாழ்க்கை போயிடும். எங்க நாத்தனா மலருக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும். ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு அக்கா."

முதல் பெயர்

கல்யாணம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். விடியற்காலையில் மலரை என் வீட்டிலேயே தயார் செய்து அனுப்பிவிட்டு, தாரணிக்கு அலங்காரம் செய்யப் போய்விட்டேன். மண்டபத்துக்குள் மலர் நுழைந்ததை மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். பன்னீர் தெளிக்கிறவர்கள் அவளுக்கு மட்டும் இரண்டு தடவை தெளித்தார்கள். முன்வரிசையில் யாரோ கைப்பை வைத்துப் பிடித்திருந்த இடம் அவளுக்காகக் காலியானது. மூத்தவள் கல்யாணத்தில் தட்டோடு நின்றவளா இவள் என்று நாலு பேர் குசுகுசுத்தார்கள். ராஜி அந்தக் காசு மாலையை மேலும் கீழும் பார்த்தார், பிறகு நேரே மைக் பிடித்தவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். நலுங்குக்கு முதலில் கூப்பிட்ட பெயர் மலருடையது.

மலர் ஏறினாள். இரண்டு கன்னத்திலும் நிதானமாகச் சந்தனம் வைத்தாள். அத்தை என்று தாரணி தேம்ப, என் மேக்கப் கரைகிறதே என்று திட்டிக்கொண்டே நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குனிந்து பெண்ணை அணைத்த மலரின் கை, தாரணியின் பின்கழுத்தில் சட்டென்று நின்றது. அடுத்தவர் சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்று என் நகை ஒவ்வொன்றின் கொக்கியிலும் சிவப்பு நூல் சுற்றியிருப்பேன். நூல் வெளியே தெரியாமல் பூவை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள் என்று மலரிடமும் சொல்லியிருந்தேன், ராஜியிடமும் சொல்லியிருந்தேன். தாரணியின் பூச்சரம் நழுவி, நூல் பளிச்சென்று தெரிந்தது. கூறைப்புடவைத் தட்டோடு மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

நான் பூக்குத்தும் ஊசியைத் தேடிப் பெட்டியைக் குடைந்தேன். மலர் அவசரப்படவில்லை. தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவி, தாரணியின் கழுத்தை மூடி வைத்துவிட்டாள். இப்போது மலருடைய கழுத்தில் சிவப்பு நூல் அப்படியே தெரிந்தது. அது என்னவென்று அந்த மேடையில் மலரைத் தவிர எனக்கும் ராஜிக்கும்தான் தெரியும். ராஜி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்த அழகைப் பார்த்து மனசு குளிர்ந்து சொன்னார்: "தன் தலைப் பூவை எடுத்துக் குடுக்கிற அத்தை எல்லாருக்கும் கெடைக்கமாட்டாங்க சம்பந்தி, குடுத்து வச்சவங்க நீங்க."

திரும்பி வந்த பெட்டி

மறுநாள் ராஜி காரை என் வாசலிலேயே நிறுத்திவிட்டு, முன்வாசல் வழியாக வந்தார். மலர் அதற்கு முன்பே மாலையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளும் அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜி சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் பதில்களைத் தயாராக அடுக்கி வைத்திருந்தேன். மேடையில் முதல் மரியாதை கவரிங்குக்குப் போயிருக்கிறது, சும்மா விடுவாரா.

அவர் நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கடைசி ஆரத்தின் கொக்கியிலிருந்த நூலை நகத்தால் நெருடினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவ போட்டிருந்ததும் கவரிங்தான்னு தெரிஞ்சிருந்தா, மேடைக்கே கூப்பிட்டிருக்க மாட்டேன் அக்கா. கூப்பிடாம இருந்திருந்தா, என் பிள்ள கழுத்த யாரு மறைச்சிருப்பா?"

கொடுத்த நகை எல்லாம் மறுநாளே என் அலமாரிக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அதைப் பார்த்துக் கொடுத்துவிட்ட மரியாதையைத் திருப்பி வாங்கும் வித்தைதான் இன்னும் யாருக்கும் கைவரவில்லை.