தொட்டிக்குள்ள கறுப்பு மணல்

எங்கட ஊர் உடப்புல வருசா வருசம் தீ மிதிப்பாங்க, நானும் நேர்த்தி வச்சு மிதிச்சவள்தான், காலில ஒரு கொப்புளம் வரல்ல. அது சாமி விசயம், அதை விடுங்க. ஆனா அங்க குரல் கேட்டுச்சு, இங்க நிழல் போச்சு எண்டு யாராவது கதை சொல்ல வந்தா நான் முகத்துக்கு நேரேயே சிரிச்சுப்போடுவன். பேய்க்கு வேற வேலை இல்லையா எண்டு கேட்பன். இப்ப நான் சொல்றதைக் கேட்டு நீங்க சிரிச்சாலும் நான் கோவிக்க மாட்டன். ஆனா ஒண்டு, இது நடந்தது ராத்திரியில இல்ல, சுடுகாட்டிலயும் இல்ல. பட்டப்பகல், வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம்.

சண்டை முடிஞ்சு கொஞ்ச வருசம். வெள்ளைக்காரர் டொல்பின் பார்க்கக் கற்பிட்டிக்கு வரத் தொடங்கின காலம். பாலாவியில பஸ் மாறிக் கற்பிட்டி வீதியால போனா ஒரு எக்வேரியம் இருந்தது, அங்கதான் எனக்கு வேலை. முன்பக்கம் கண்ணாடித் தொட்டியில மீன் பார்க்க ஸ்கூல் பிள்ளைகள் வரும். பின்பக்கம் பெரிய கொட்டில், அதுக்குள்ள சீமெந்துத் தொட்டிகள். வலையில சிக்கினது, எஞ்சின் விசிறி வெட்டினது, பொலித்தீன் விழுங்கினது எண்டு கடலாமைகள் அங்க வரும், சுகமாக்கித் திரும்பக் கடலுக்கு விடுவம். கழுவுறதும் மருந்து பூசுறதும் தீன் குடுக்கிறதும் என்ட பாடு.

அப்படி வந்தவள்தான் ராசாத்தி. யாரோ கைவிட்ட பழைய வலை இடது முன்கையை இறுக்கி அழுக வச்சிருந்திச்சு, டொக்டர் அந்தக் கையையே வெட்டி எடுத்துட்டா. புண் நல்லா ஆறிட்டுது. ஆனா ராசாத்தி தாழல்ல. உள்ளுக்குள்ள காத்துப் பிடிச்சு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு மிதந்தபடியே கிடக்கும். வாயில வச்சாலும் தின்னாது, குழாயாலதான் உள்ளுக்கு விடுறது. மற்ற ஆமைகளுக்கெல்லாம் ஓட்டில நம்பர் எழுதுவம், இதுக்கு மட்டும் நான் என்ட நகத்துக்குப் பூசுற சிவப்புக் கியூடெக்ஸால ஒரு பொட்டு வச்சிருந்தன். செல்லம்தான், வேறென்ன.

டொக்டர் சிலாபத்துச் சிங்களப் பொம்பிள, தமிழ் நல்லாக் கதைப்பா, மனசும் நல்ல மனசு. வியாழக்கிழமை வந்து ராசாத்தியைப் பார்த்துட்டு என்ட தோளில கை வச்சா.

“கல்யாணி, இதுக்கு மேல வச்சிருந்தா நாங்க அதை வதைக்கிறம். சனிக்கிழமை வாறன். அதுக்குள்ள தானாத் தின்னாட்டி ஊசி போட்டு நிம்மதியாச் சாக விடுவம்.”

ஓம் எண்டு தலையாட்டினன்.

அடுத்த நாள் பகல். பம்பு பார்க்கிற ரிபாய் நானா முதல்கொண்டு எல்லாரும் தொழப் பள்ளிக்குப் போயிட்டாங்க, எக்வேரியத்துக்கு நான் தனிக் காவல். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போச்சு. பம்பு நிண்டா அந்தக் கொட்டில் எப்படி அமைதியாகும் எண்டு அங்க வேலை செய்தவங்களுக்குத்தான் தெரியும், காதை அடைச்ச மாதிரி இருக்கும். நான் தொட்டிக் கட்டில இருந்துகொண்டு, இடுக்கியில ஒரு நண்டைப் பிடிச்சு ராசாத்தின்ட மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டு, தின்னடி, நாளைக்கு ஊசியோட வாறாங்கடி எண்டு கெஞ்சிக்கொண்டிருக்கிறன்.

அப்பதான் அம்பா கேட்டுச்சு.

அம்பா எண்டா கரைவலை இழுக்கிற பாட்டு. ஒருத்தர் எடுத்துக் குடுப்பார், கயிறு பிடிக்கிறவங்கள் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லிச் சொல்லி இழுப்பாங்கள். எங்கட ஊரில எடுத்துக் குடுக்கிறது என்ட பெரியப்பா. யாராவது கை தளர்ந்தா அவங்கட பேரைப் பாட்டுக்குள்ள இழுத்துப் போட்டு மானத்தை வாங்கிப்போடுவார். சின்னதில நான் கயிற்றை விட்டுட்டு ஓடிருவன், அதுக்கு எனக்கெண்டே ஒரு வரி வச்சிருந்தார். கரையே சிரிக்கும்.

“கயிறு பிடிக்க ஆளில்லையே, கல்யாணி எங்க போனாளோ…”

அந்த வரிதான் வந்தது. பெரியப்பான்ட கரகரத்த குரல், பின்னால ஆம்பிளைகளின்ட பதில், எல்லாம் தொட்டித் தண்ணிக்குள்ள இருந்து. நான் முதல்ல என்ட ஃபோனைப் பார்த்தன். பிறகு வெளியில ஓடிப் பார்த்தன், வீதியில ஒரு நாய் கூட இல்ல. கடற்கரையில யாரும் இழுக்கிறாங்களோ எண்டு நினைக்கவும் வழியில்ல, அது சோளகக் காத்து அடிச்சுக் கடல் கொந்தளிக்கிற காலம், எங்கட பக்கம் யாரும் கரைவலை போட மாட்டாங்க. உடப்பு ஆக்கள் அந்த மாசங்களில முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி எண்டு ஓலைக் கொட்டில் அடிச்சுத் தங்கித் தொழில் செய்வாங்க. சண்டைக்குள்ள நிண்டுபோனது, அப்பதான் திரும்பப் போகத் தொடங்கியிருந்தாங்க. பெரியப்பா நாட்டின்ட மற்றக் கரையில இருக்கிறார், பாட்டு என்ட தொட்டிக்குள்ள கேட்குது.

பயந்தியா எண்டு கேட்பீங்க. பயப்பட முதலே என்ட வாய் பதில் சொல்லிட்டுது. உடப்புல பிறந்தவளுக்கு அம்பா கேட்டா வாய் சும்மா இருக்காதுங்க. “ஏலோ” எண்டு நானும் சேர்ந்து பாடுறன். பாடப் பாட ராசாத்தி தலையைக் குனிஞ்சுது, பின்பக்கம் ஒருக்கா ஆடிச்சு, அப்படியே தாழ்ந்து போச்சு.

நம்பினா நம்புங்க, இடுப்பளவுத் தண்ணி அது. இறங்கித் துழாவினன். மூலை மூலையாத் துழாவினன். ஆமையைக் காணல்ல.

பாட்டு வேகம் பிடிச்சுது. மீன் விழுந்த வலை மடி கரைக்கு வந்து சேரும்போது பெரியப்பா ஒரு நீட்டுக் கூவல் கூவுவார், அதோட பாட்டு முடியும். அந்தக் கூவலும் வந்தது. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்ல. கொஞ்சம் செல்லக் கரண்டு வந்து பம்பு இரையத் தொடங்க, என்ட முழங்காலில என்னமோ முட்டிச்சு. ராசாத்தி. மேல வந்து, இடுக்கியோட சேர்த்து நண்டைக் கவ்விச்சு பாருங்க.

ரிபாய் நானா தொப்பியோட வந்தா, நான் தொட்டிக்குள்ள நனைஞ்சுபோய் அழுறன். ஆமை மௌத்தாப் போச்சு எண்டே அவர் நினைச்சிட்டார். பிறகு அது நண்டு ஓட்டை நொறுக்குற சத்தம் கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் எண்டு அப்படியே நிலத்தில குந்திட்டார். அண்டைக்கு எல்லாருக்கும் அவர்ட காசில புரியாணி. சனிக்கிழமை டொக்டர் வந்து, ஊசிப் பெட்டியைத் திறக்காமலே தொட்டிக் கட்டில இருந்து, ராசாத்தி தாழ்றதையும் மிதக்கிறதையும் பார்த்து “ஹரி ஷோக், ஹரி ஷோக்”, அருமை அருமை எண்டு சிங்களத்தில சொல்லிச் சிரிச்சுக்கொண்டே இருந்தா. எனக்குச் சந்தோசத்தில கால் நிலத்தில இல்ல. பாட்டைப் பற்றி ஒருத்தருக்கும் மூச்சு விடல்ல, சிரிப்பாங்க எண்டு.

டொக்டர் போன பிறகு தொட்டி கழுவ இறங்கினா, அடியில ஒரு கைப்பிடி கறுப்பு மணல். எங்கட கரையில ஏது கறுப்பு மணல்? வடிகட்டியில என்னத்தைப் போட்டீங்க எண்டு நானாவோட சண்டைக்கே போயிட்டன். அவர் சத்தியம் பண்ணினார். சரியெண்டு அதை ஈரத்தோட அள்ளி ஒரு ஜாம் போத்தலில போட்டன்.

பின்னேரம் பெரியப்பாவுக்கு ஃபோன் எடுத்தன், ராசாத்தி பிழைச்ச கதையைச் சொல்ல. அவருக்கு ராசாத்தி எண்டு ஒரு ஆமை இருக்கிறதே தெரியாது. நான் வாய் திறக்க முதல் அவர் தொடங்கிட்டார்.

“இரு பிள்ள, முதல்ல இதைக் கேள். நேத்துப் பகல் மடிக்குள்ள ஒரு ஆமை வந்திச்சு. இடது கை இல்ல, ஓட்டில குங்குமம் மாதிரிச் சிவப்புப் பொட்டு. கடலுக்குத் திருப்பி விட்டாப் போகுதில்ல, கரையையே பார்த்துக்கொண்டு நிக்குது. பிறகு முதுகில தட்டி, வீட்டுக்குப் போடி எண்டன். போயிட்டுது.”

கயிற்று நுனியில ஒரு பொம்பிளக் குரல் பதில் சொன்னதெண்டும், பெடியங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்கள் எண்டும், உன்ட குரல் மாதிரியே இருந்ததெண்டும் சொல்லிச் சிரிச்சார். அங்க மண் என்ன நிறம் எண்டு மட்டும் கேட்டன். கரி மாதிரிக் கறுப்பு எண்டார்.

ராசாத்தியை, சோளகம் முடிஞ்சு வாடைக் காத்து தொடங்கினதும் கண்டக்குழிக் கரையில விட்டம். ஸ்கூல் பிள்ளைகள் கை தட்ட, நானா படம் எடுக்க, ஒத்தைக் கையால மணலைத் தள்ளித் தள்ளிப் போய், முதல் அலையிலயே தாழ்ந்துட்டாள். பொட்டு அழியாம இருந்திச்சு. அண்டைக்கு நான் அழல்ல, ஊருக்கே கேட்கப் பெரியப்பான்ட நீட்டுக் கூவலை நானே கூவினன்.

போத்தல் இப்பவும் என்ட அலுமாரியில இருக்கு. மூடியைத் திறந்து வச்சன், வெயிலில காய வச்சன், ஒருக்காச் சட்டியில போட்டு வறுத்தும் பார்த்தன். இத்தனை வருசத்தில அந்த மணல் காயல்ல. நம்பாட்டி வீட்டுக்கு வாங்க, விரலை விட்டுப் பாருங்க.