கடலைக் காட்டில் இறங்கிய விமானம்

கசங்கிய கடலைச் செடியின் பச்சை வாசமும் சூடான எண்ணெயின் நெடியும் கலந்து மூக்கில் ஏறியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. யுத்த காலத்தில் எங்கள் ராசிபுரத்துப் பக்கத்து வானத்தில் குண்டு விமானங்கள் வரிசையாகக் கிழக்கே போகும். அவற்றை ஓட்டப் போகிற பையன்கள் பறக்கப் பழகும் மஞ்சள் நிறச் சின்ன "ஏரோப்ளான்"களும் சுற்றும். அப்படிப்பட்ட ஒன்று ஒரு நாள் உச்சி வேளையில் இஞ்சின் நின்றுபோய் எங்கள் கடலைக் காட்டிலேயே இறங்கிவிட்டது.

"சப்பான்காரன் வந்துட்டான்!" என்று வேலையில் இருந்தவர்கள் எல்லாம் சோளக்காட்டுக்குள் ஓட, அம்மா மட்டும் என் கையைப் பிடித்தபடி அதை நோக்கி நடந்தாள். இறங்கிய வெள்ளைக்காரப் பையன்கள் இருவரில் ஒருவனுக்கு நெற்றியில் ரத்தம் வழிந்தது. அம்மா முந்தானையைக் கிழித்தாள்.

"தொடாத அம்மிணி, கேஸாயிப் போகும்," என்றார் தள்ளி நின்ற ஊர் மணியகாரர்.

"ஆவட்டுங்க. மொதல்ல ரத்தம் நிக்கோணுமில்லீங்க?" என்று கட்டுப் போட்டுவிட்டு, மோர்ச் சொம்பை அவனிடம் நீட்டினாள்.

மறுநாள் சேலத்திலிருந்து லாரியில் ஆட்கள் வந்து இஞ்சினைச் சரிசெய்தார்கள். விமானம் ஓடி எழும்ப வேண்டுமானால் வரப்பை வெட்டிக் காட்டை நீளவாக்கில் சமன்செய்ய வேண்டும் என்றார், கூட வந்த தமிழ் அதிகாரி. அப்போதுதான் பருப்புப் பிடிக்கத் தொடங்கியிருந்த எங்கள் அந்த வருஷத்துக் கடலை முழுவதும் அந்த நீளத்தில்தான் நின்றது. மணியகாரர் உடனே "சரிங்க சாமி" என்று கும்பிட்டார். வெளியூர்ச் சந்தைக்குப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. அம்மா முன்னால் வந்தாள்.

"வரப்ப வெட்டிக்குங்க, குத்தமில்லைங்க. ஆனா செடி மேல உருளக் கூடாதுங்க. நாங்க புடுங்கிக்கறோம். வெரசாப் போகோணும்னா அந்தத் தம்பிகளும் வந்து புடுங்கட்டும்."

அதிகாரி தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னதும், நெற்றியில் கட்டுப் போட்டவன் சிரித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். ஓடி ஒளிந்தவர்களும் வெட்கத்தோடு வந்து நிரையில் சேர்ந்துகொண்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் ஊர் அடுப்பிலெல்லாம் பிஞ்சுக் கடலைதான் வெந்தது.

அடுத்த நாள் காலை விமானம் குலுங்கிக் குலுங்கி ஓடி, பனைமர உச்சியைத் தொடுவதுபோல் எழும்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி மறைந்தது. திரும்பி வந்த அப்பா வெறுங்காட்டைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "அடுத்த மழைக்குக் கொள்ளு வெதைக்கலாங்க," என்றாள் அம்மா. விதைத்தாள், விளைந்தது.

இன்று அந்தக் காட்டில் கோழிப் பண்ணைக் கொட்டகைகள் நிற்கின்றன. வரப்பும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்தப் பையன்கள் பிறகு எந்த ஊர்மேல் குண்டு போடப் போனார்கள், உயிரோடு திரும்பினார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்கும்போதெல்லாம் அம்மா மட்டும் உறுதியாகச் சொல்வாள்:

"ஊடு போய்ச் சேந்திருப்பாங்க சாமி. கடல புடுங்கத் தெரிஞ்சவன் எங்க போனாலும் பொழச்சுக்குவான்."