உப்புப் போட்ட தொட்டி

1. டெட்ரா மீன் ஒன்று கூட்டத்தை விட்டு விலகி ஃபில்டருக்குப் பின்னால் போய் நின்றது. இரண்டாம் நாள் செத்தது.
2. மூன்று வாரம் கழித்து இன்னொரு டெட்ராவுக்கு முதுகு வளைந்தது. அதுவும் செத்தது.
3. தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. எதுவும் தப்பாக இல்லை.
4. கடைக்காரர் சொன்னபடி கல்லுப்புப் போட்டேன்.
5. குராமி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலிந்தது. வயிறு உள்வாங்கி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.
6. ஏஞ்சல் மீனின் விலாவில் செதில் உதிர்ந்து ஒரு புண் வந்தது. ஆறவில்லை.
7. அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்கு மேல், சிவப்பாக ஒரு சிறு கட்டி.

ஏழாவது வரி என் நோட்டில் இல்லை. இப்போதுதான் சேர்க்கிறேன். சரியாகச் சொன்னால் அது நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீடு கணபதி என்னும் பட்டறைப் பகுதியில். முன்பக்கம் இரும்பு கடையும் அப்பாவின் லேத் பட்டறை, பின்பக்கம் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் குடியிருக்கிறோம். நான் ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கெட்டுப்போய்த் திரும்பி வரும் பம்புகளைப் பிரித்து, ஏன் கெட்டது என்று எழுதுவது என் வேலை. மூன்றடி மீன்தொட்டியை வாங்கியது நான். கலப்புத் தொட்டி: டெட்ரா, குராமி, ஏஞ்சல், அடியில் மேயும் கோரிடோரஸ். உணவு போடுவதும் சோதிப்பதும் நான், கழுவுவது அப்பா. அவருக்கு அதில் சந்தோஷம் இருந்தது. பட்டறையை மூடியதும் நேராகத் தொட்டிக்குத்தான் வருவார்.

மீன் நோயைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது வேகம். எல்லா மீன்களும் ஒரே நாளில் மேலே வந்து வாயைத் திறந்தால் தண்ணீரில் கோளாறு. ஒரு வாரத்துக்குள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி பரவினால் ஒட்டுண்ணி. எங்கள் தொட்டியில் இரண்டும் நடக்கவில்லை. ஒன்று சாகும். மற்றவை எதுவும் நடக்காததுபோல நீந்தும். நான் நிம்மதி அடையும் நேரம் பார்த்து அடுத்தது ஒதுங்கும்.

கடைக்காரரிடம் நோட்டோடு போனேன்.

"ஏனுங்க எஞ்சினீயரம்மணி, மீனென்ன மோட்டாருங்களா, கழட்டிப் பாக்கறதுக்கு? ரெண்டு கைப்பிடி கல்லுப்பக் கரைச்சு ஊத்துங்க. அதுக்கும் கேக்கலைன்னா புதுசா நாலு மீன் புடிச்சுட்டுப் போங்க."

அளந்து, அவர் சொன்னதைவிடக் குறைவாகவே உப்புப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் பாடம். அதனால் அப்பாவிடமும் சொல்லி வைத்தேன், உப்புப் போட்டிருக்கிறது, தண்ணீரை மாற்றிவிடாதீர்கள் என்று.

மறுநாள் மாலை அவர் முழங்கை வரை கையை விட்டு, கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று கீறல்கள் இருக்கும். லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் கிழித்தவை.

"எரியலீங்களாப்பா?" என்றேன்.

"எரிஞ்சா நல்லதுதான் கண்ணு. உப்புத் தண்ணி பட்டாப் புண்ணு வெரசா ஆறிப்போயிரும். மீனுக்கும் வைத்தியம், எனக்கும் வைத்தியம்."

"அப்ப நோட்டுல உங்களையும் எழுதிப்போடட்டுங்களா?"

"எழுதிக்க. கெண்டை மீனுன்னு போடு."

இருவரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் வேண்டுமென்றே கையைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தண்ணீரில் வைத்திருந்தார். தேய்க்கப் பாசி இல்லாத நாளிலும் வைத்திருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செத்த மீன் ஒவ்வொன்றையும் வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் படம் எடுப்பேன். ஸ்கேலைப் பிடிப்பது அப்பா. "உங்க கம்பெனில பம்பு செத்தாலும் இப்பிடித்தான் போட்டோ புடிச்சு வெப்பீங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

குராமி மெலியத் தொடங்கிய நாட்களில் அவருடைய விரலில் கட்டி இருந்தது. இரும்புத் தூள் ஏறியிருக்கும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். தெருமுனை டாக்டரும் அதையே சொல்லி ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். பிறகு இன்னும் ஐந்து நாள். கட்டி வற்றவில்லை, வலியும் அதிகம் இல்லை. நீலம் கலந்த சிவப்பாக மாறி, மேல்தோல் உரிந்து, அப்படியே இருந்தது.

அம்மாதான் விடவில்லை. "மீனுக்கெல்லாம் நோட்டுப் போட்டு வைத்தியம் பாக்கறா. அப்பன் வெரலப் பாக்கறதுக்கு இந்த ஊட்டுல ஆளில்ல" என்றாள். நான் அப்போது ஏஞ்சல் மீனின் புண்ணை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏஞ்சல் செத்த வாரம், ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் என் பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதினேன். சாப்பிட்டும் மெலிதல். வளைந்த முதுகு. ஆறாத புண். ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில். தண்ணீர் சரி. உப்புக்கும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தேடியபோது ஒரே பெயர்தான் வந்தது. மீன்களுக்கு வரும் காசநோய். அதற்குக் கீழே, எச்சரிக்கையாக ஒரு வரி இருந்தது. கையில் காயம் உள்ளவர்கள் வெறும் கையைத் தொட்டியில் விடக் கூடாது.

டிபன் பாக்சை மூடிவிட்டுப் போனில் படங்களைப் பார்த்தேன். முதல் டெட்ராவின் படத்தில் ஸ்கேலைப் பிடித்த விரல் சுத்தமாக இருந்தது. இரண்டாவதிலும் சுத்தம். குராமிக்கு முன்னால், எந்த அறிகுறியும் இல்லாமல் செத்ததால் பட்டியலில் எழுதாத ஒரு கோரிடோரஸின் படத்தில், கணுவுக்கு மேல் கடுகளவு ஒரு சிவப்பு. குராமியின் படத்தில் அது பட்டாணி. ஏஞ்சலின் படத்தில் பிளாஸ்திரி. அதற்குப் பின்னால், புறங்கையில், நான் அதுவரை பார்த்திராத இன்னொரு மேடு. படங்கள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி மீனின் செதில்களை எண்ணியிருக்கிறேன். விரலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று மாலையே அப்பாவைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார் அந்தப் பெண் டாக்டர்.

"ஒரு ரெண்டு மூணு வாரமா இருக்குதுங்க" என்றார் அப்பா.

நான் போனை மேசையில் வைத்து, தேதியோடு படங்களைத் தள்ளிக் காட்டினேன். ஒன்பது வாரம். டாக்டர் மீன்களையும் பார்த்தார், விரலையும் பார்த்தார். பிறகு அப்பாவின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றச் சொன்னார். விரலில் ஒன்று, புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேல் தோலுக்கு அடியில் ஒன்று. ஒரே கோட்டில் ஏறிக்கொண்டிருந்தன.

இது அந்த மீன் காசநோய்க் கிருமியாகத்தான் இருக்கும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்றார். அதற்கு உடம்பின் உள்சூடு பிடிக்காது, குளிர்ந்த இடம் வேண்டும், அதனால்தான் கையோடு நிற்கிறது என்றார். கட்டியிலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்து, குறைந்த சூட்டில் வளர்த்துப் பார்க்கும்படி லேபுக்கு எழுதினார். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று மருந்தைத் தொடங்கினார். குறைந்தது நான்கு மாதம்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வெரலு மடங்குமுங்களா?"

பம்புக்கான ஷாஃப்டைக் கடைந்து முடித்ததும் அவர் முதலில் அந்த விரலைத்தான் அதன் மேல் ஓட்டுவார். மைக்ரோமீட்டரெல்லாம் பிறகுதான். பிசிர் எங்கே இருக்கிறது, எங்கே ஒரு மயிரிழை கூடுதல் என்று அந்த விரலுக்குத் தெரியும். டாக்டருக்கு அது தெரியாது.

"மொதல்ல மருந்த நிறுத்தாம சாப்பிடுங்க" என்றார் அவர். "வெரல மடக்கற தசைநார் வரைக்கும் போயிருக்கான்னு ஸ்கேன்ல பாப்போம்."

ஆட்டோவில் வரும்போது அப்பா சொன்னார், "நீ வெசனப்படாத சாமி. உப்புத் தண்ணி நல்லதுன்னு நாந்தானே கைய வெச்சேன்."

உப்புப் போட்டது நான்.

கம்பெனியில் ஒரு பம்பு ஏன் கெட்டது என்று தேடும்போது, அதைத் தொட்ட கைகளையும் பட்டியலில் எழுதுவோம். யார் பூட்டினார், யார் கழற்றினார், கையுறை போட்டிருந்தாரா என்று. வீட்டில் என் பட்டியல் தொட்டியின் கண்ணாடியோடு நின்றுவிட்டது.

இப்போது மருந்து தொடங்கிப் பதினோராவது வாரம். லேபின் முடிவு வந்துவிட்டது, அதே கிருமிதான். மணிக்கட்டுக்கு மேல் இருந்த மேடு கரைந்திருக்கிறது, புறங்கையில் இருப்பது கரையவில்லை. விரலை மடக்கும் தசைநாரின் உறையில் வீக்கம் இருக்கிறது. விரல் பாதிதான் மடங்குகிறது. அப்பா இடது கை விரலால் ஷாஃப்டைத் தடவிப் பார்க்கிறார், பிறகு மைக்ரோமீட்டரை இரண்டு முறை வைக்கிறார். தொட்டியில் இரண்டு டெட்ராக்கள் மிச்சம். முழங்கை வரை கையுறை போட்டு நான்தான் கழுவுகிறேன். இரண்டும் நன்றாகச் சாப்பிடுகின்றன. ஒன்று மெலிகிறது.