பாகம் பிரிக்க முடியாத கார்

எங்கள் குடும்பத்தில் பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. நிலம் அப்பாவுக்கு, நெல் மண்டி பெரியப்பாவுக்கு. அண்டா, குண்டான், மரப்பெட்டி, சாமி படம் எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்ச் சேர்ந்தன. பிரிக்க முடியாமல் நின்றது கார் ஒன்றுதான். தாத்தா கடைசிக் காலத்தில் ஆசைப்பட்டு ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய கறுப்புக் கார். அதை விற்க அண்ணனுக்கும் மனமில்லை, தம்பிக்கும் மனமில்லை. வாசலில் பொதுவாக ஒரு கொட்டகை போட்டு, ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் இவருக்கு என்று பேசி முடித்தார்கள். அதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் நடந்தது.

அப்பாவுக்குக் கையில் எண்ணெய் படிந்திருந்தால்தான் உற்சாகம். கிணற்று ஆயில் இஞ்சினைத் தானே பிரித்துத் தானே மாட்டிப் பழகியவர். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுகிற இஞ்சினும் ஆளை ஏற்றிக்கொண்டு போகிற இஞ்சினும் ஒரே சாதிதான் என்பது அவர் கட்சி. பெரியப்பா வேறு மாதிரி. வெள்ளை வேட்டியில் ஒரு புள்ளி விழுந்தாலும் மாற்றிக்கொள்வார். பல்வலிக்குப் பல் வைத்தியர், வழக்குக்கு வக்கீல், காருக்கு மெக்கானிக் என்று உலகம் ஒழுங்காகப் பங்கு போடப்பட்டிருப்பதாக நம்புகிறவர். அவருக்குக் கார் ஓட்டவும் தெரியாது. தன் வாரம் வந்தால் டிரைவர் வைத்துக்கொள்வார்.

இதனால் எங்கள் கார் இரண்டு வைத்தியர்களிடம் மாறி மாறி மருந்து சாப்பிடும் நோயாளியைப் போல ஆயிற்று. அப்பா தன் வாரத்தில் கழற்றி மாட்டியதை, பெரியப்பாவின் வாரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக் மறுபடியும் கழற்றி மாட்டுவார். மெக்கானிக்கிடம் போன கார் சீக்கிரம் திரும்பாது. அப்பாவின் வாரத்தையும் அங்கேயே தின்றுவிட்டு வரும். அப்பா தொட்ட காரோ சீக்கிரம் திரும்பும்; ஆனால் மாட்டி முடித்த பிறகு தரையில் இரண்டு நட்டு மிச்சமிருக்கும்.

அந்த இரண்டு நட்டுகளில்தான் சண்டை தொடங்கியது. பெரியப்பா மண்டியில் நாலு பேர் முன்னால், "என் தம்பி கைய வெச்சா ஓடுற வண்டியும் குந்திக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அது அப்பாவின் காதுக்கு வந்தது. அப்பா டீக்கடையில், "எங்க அண்ணன் மண்டி நடத்துறதே மெக்கானிக் வீட்டு அடுப்பு எரியறதுக்குத்தான்" என்றார். அதுவும் போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பேச்சை நிறுத்தினாலும் பேச வேண்டிய சங்கதிகள் நிற்குமா? பொதுவில் ஒரு கார் இருக்கிறதே. அதற்காக நான் அமர்த்தப்பட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் இல்லாததால் நான் இரண்டு வீட்டிலும் செல்லம். சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, "பெரியப்பா, பிரேக்குல காத்து பூந்துக்கினு இருக்குதாம், பாத்து ஓட்டச் சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு, பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வருவேன். திட்டுகளையும் ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் கொல்லைக் கிணற்றடியில் வழக்கம்போலப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆண்கள் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவே.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். மாகறலில் வாழ்க்கைப்பட்ட அத்தை ஒருநாள் பஸ் பிடித்து வந்தாள். இரண்டு அண்ணன்மாருக்கும் ஒரே தங்கை அவள். அவளுடைய மகள் பெரியவளாகியிருந்தாள். சடங்குக்குத் தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். அத்தை எங்கள் வீட்டுக்குள்ளும் வரவில்லை, பெரியப்பா வீட்டுக்குள்ளும் போகவில்லை. நடு வாசலில், காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். வாங்கவில்லை.

"ரெண்டு அண்ணனும் கேட்டுக்கோங்க" என்றாள், இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி. "வந்தா ஒரே வண்டியில ஒண்ணா வந்து எறங்குங்க. ஒருத்தர் காலைல, ஒருத்தர் மத்தியானம்னு வந்து என்னை ஊர் சிரிக்க வெக்க வேணாம். அப்பிடி வர்றதா இருந்தா யாருமே வராதீங்க. எனக்கு அண்ணனுங்களே இல்லன்னு நெனச்சிக்கினு பொண்ணுக்கு நானே தண்ணி ஊத்திக்கிறேன்."

சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தாள். அடுத்த பஸ் வர நேரமாகும் என்று அம்மா பின்னாலேயே ஓடியும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா உள்ளே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமும் சத்தம் கேட்டது.

சடங்கு அன்று காலையில் கார் கிளம்பவே தாமதமாகிவிட்டது. தெரு நீளத்துக்கு நெசவுக்காரர்கள் தறிக்கான நூலைப் பாவாக நீட்டியிருந்தார்கள். அதைச் சுருட்டி எடுக்கும்வரை காத்திருந்தோம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த ஓரம் பெரியப்பா, சரிகைக் கரை வேட்டியும் மடித்த அங்கவஸ்திரமுமாக உட்கார்ந்தார். நடுவில் நான். பின் சீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் சீர்த் தட்டுகளை மடியில் ஏற்றிக்கொண்டு, பித்தளைக் குடத்தைக் காலடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பாப்பா, கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு. பின்னாடி பொம்பளைங்க இருக்காங்க" என்றார் பெரியப்பா.

நான் அப்பாவின் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"நல்ல நேரம் போயிடும், தெரியுமான்னு கேளு" என்றார் அப்பா.

நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன். பாலாற்றைத் தாண்டும்வரை என் கழுத்துக்கு ஓய்வில்லை.

ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னாலிருந்து வெந்த ரப்பர் வாடை அடித்தது. பானட்டின் இடுக்கு வழியாக ஆவி கிளம்பியது. அப்பா ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் நெல் வயல். தூரத்தில் ஒரு பம்பு செட் ஓடும் சத்தம். வேறு ஆள் நடமாட்டமே இல்லை. அப்பா பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாய் வாய் பிளந்திருந்தது.

"அந்தக் குழாய மாட்டினது யாருன்னு கேளு பாப்பா" என்றார் அப்பா. மெக்கானிக் மாட்டியது அது.

"அதும் மேல கிளிப்ப முறுக்கினது யாருன்னு திருப்பிக் கேளு" என்றார் பெரியப்பா. அது அப்பா முறுக்கியது.

நான் இரண்டையும் ஒழுங்காகக் கேட்டேன். பின் சீட்டில் பெரியம்மா, "தங்கச்சி வாசல்ல கண்ண வெச்சிக்கினு நிப்பாளே" என்று மெதுவாகச் சொன்னாள். அப்பாவுக்கு அவசரம் பற்றிக்கொண்டது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார்.

"டேய், மூடியில கைய வெக்காதடா!"

பெரியப்பா கத்தியது வயல் முழுக்க எதிரொலித்தது. அதே வேகத்தில் பாய்ந்து அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அதற்குள் பாதி திருகியிருந்த மூடி தெறித்தது. கொதிக்கும் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்குச் சீறி எழுந்தது. அப்பாவின் மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் பட்டது. இருவரும் மண்ணில் விழுந்து கிடந்தார்கள்.

நான் என் கடமையை மறக்கவில்லை. "அப்பா, மூடியில கைய வெக்க வேணாமாம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நீ இழுக்கலன்னா மூஞ்சியே வெந்திருக்கும்ணா" என்றார்.

நான் பெரியப்பாவின் பக்கம் திரும்பினேன். "பெரியப்பா, நீங்க இழுக்கலன்னா..."

"தள்ளிக்கோ பாப்பா. எனக்குக் கேக்குது" என்றார்.

பெரியம்மா சீர்த் தட்டிலிருந்த சந்தனத்தை வழித்து அப்பாவின் மணிக்கட்டில் பூசினாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அப்போதுதான் உண்மையான சண்டை தொடங்கியது.

"இது நம்மால ஆவாதுண்ணா" என்றார் அப்பா. "உன் மெக்கானிக்கையே கூட்டிக்கினு வந்துடலாம். அந்தப் பக்கம் போற பஸ்ஸுல நான் போய் கூட்டியாறேன்."

"மெக்கானிக்கு இன்னாத்துக்கு? அவன் பொழுது சாஞ்சிதான் வருவான். நீ பாருடா. கெணத்து இஞ்சினையே பிரிச்சிப் போட்டவன் நீ."

"கெணத்து இஞ்சின் வேற, இது வேறண்ணா."

"இத்தினி நாளா ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிக்கினு இருந்தது யாரு?"

"காருன்னா மெக்கானிக்குதான்னு சொல்லிக்கினு இருந்தது யாரு?"

"இப்ப நான்தான் சொல்றேன், நீயே பாரு!"

"எனக்குத் தெரியாது, தெரியாதுன்றேன், கேக்க மாட்டேன்றியே!"

அந்த மாதிரி ஒரு சண்டையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருவர் முகமும் சிவந்துவிட்டது. பெரியப்பா தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்தார். சரிகைக் கரையைப் பல்லில் கடித்து, நடுவால் பரக்கென்று கிழித்தார். "ஐயோ, புதுசுண்ணா" என்று அப்பா பதறினார். "பேசாம கட்டுடா" என்று அதட்டினார் பெரியப்பா. எனக்குத் தெரிந்தவரை கோபத்தின் உச்சியில்தான் மனிதர்கள் துணியைக் கிழிப்பார்கள்.

அப்பா பிளந்த குழாயைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினார். "அப்பிடியில்லடா, கீழேர்ந்து சுத்து" என்று பெரியப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களெல்லாம் கரி. அம்மாவும் பெரியம்மாவும் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் பம்பு செட்டுக்குப் போனார்கள். குங்குமம் வைத்த சீர்க் குடத்தில் தண்ணீர் வந்தது. இஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து, ரேடியேட்டருக்கு ஊற்றினார்கள். கார் புறப்பட்டது.

கொஞ்ச தூரம்தான் போகும். துணி ஒழுகும். ஆவி கிளம்பும். நிறுத்துவார்கள். எங்காவது கிணறோ கால்வாயோ தேடிக் குடம் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சண்டை. மெக்கானிக் என்று தம்பி, நீயே பார் என்று அண்ணன். வண்டி ஓடும்போதும் விடவில்லை. என் தலைக்கு மேலேயே நேருக்கு நேர் கத்திக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. தாத்தாவின் பெயர் வந்தது. எந்தக் காலத்திலோ மாந்தோப்பில் யார் யாரைத் தள்ளிவிட்டது என்பது வந்தது. பாகம் பிரித்த நாளில் யார் சாப்பிடாமல் படுத்தார்கள் என்பது வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் பெரியம்மாவும் இரண்டு ஜன்னல்களுக்கும் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு மானம் இப்படிச் சந்தி சிரிக்கிறதே, ஒருவராவது தடுக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மாகறலில் அத்தை வீட்டுத் தெரு முனையில் கார் கடைசியாக ஒரு முறை பெருமூச்சு விட்டு நின்றது. ராகுகாலம் பிறக்கக் கொஞ்ச நேரமே பாக்கி. அப்பாவும் பெரியப்பாவும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, பந்தல்வரை தள்ளிக்கொண்டே வந்தார்கள். தள்ளும்போதும், "நேராத் தள்ளுடா" என்று ஒரு குரல், "நேராத்தாண்ணா தள்றேன்" என்று ஒரு குரல். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அத்தை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். கரி அப்பிய வேட்டியும், அங்கவஸ்திரம் இல்லாத தோளும், சந்தனம் பூசிய கையுமாக இரண்டு தாய்மாமன்களும் சேர்ந்து சீர்த் தட்டை நீட்டினார்கள்.

சடங்கெல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது அத்தை என் கையைப் பிடித்து அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வழியில இன்னா நடந்தது? உள்ளத சொல்லு."

எனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நல்ல நாளில் அவள் மனம் நோகுமே. ஆனாலும் நான் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல.

"பெரிய சண்ட, அத்தே. இது வரைக்கும் அப்பிடிப் போட்டதே இல்ல. பெரியப்பா துணியெல்லாம் கிழிச்சிட்டாரு."

"உன்கிட்டதானே சொல்லி அனுப்புவாங்க? அதுலயா இம்மாஞ்சண்ட?"

"என்கிட்ட ஒண்ணுமே சொல்லல. அவங்களே நேரா திட்டிக்கிறாங்க. புளியமரத்துலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் வாயே மூடல."

அத்தை ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் பயந்துபோனேன். சொல்லியிருக்கவே கூடாது என்று தோன்றியது. பக்கத்தில் போய் அவள் முழங்காலில் கையை வைத்து, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன்.

"அழாதீங்க, அத்தே. வண்டி சரியாயி ஊருக்குப் போயிட்டா, மறுபடியும் பேசாம இருந்துடுவாங்க."