பாதிச் சவரம்

எங்கள் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவரை எல்லோரும் மீன்காரர் என்பார்கள். கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பெரிய மீன்தொட்டி. கத்தரிக்கோலைவிட அதன்மேல்தான் அவருக்கு உயிர். போர் தொடங்கியதும் அரசியல் பித்தும் சேர்ந்துகொண்டது. கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஆகவே தெருவே தன் கருத்தை ஒப்புக்கொண்டதாக நினைத்திருந்தார்.

நான் பராமரித்துவந்த பெரியவருக்கு வீட்டுக்கே வந்து சவரம் செய்வார். பெரியவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மகன் இப்போது போர்முனையில். கைக்குப் பயிற்சி என்று நான் போனால் எரிந்து விழுவார். மீன்காரர் பிரஷ்ஷைக் கையில் திணித்து, "நுரையை நீங்களே போடுங்கய்யா" என்றால் மட்டும் முயல்வார். கை நெஞ்சுவரை வரும், அதற்குமேல் ஏறாது. அதற்காகவே மீன்காரரின் வாயைப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, இடது கன்னம் முடிந்து கத்தி தாடைக்கு வந்திருந்தது.

"ரெண்டு மீன் அடிச்சுக்கிட்டா நான் என்னய்யா பண்ணுவேன்? நடுவுல ஒரு கண்ணாடித் தகடு சொருகுவேன். முடிஞ்சுது கதை. மேல இருக்கறவங்களுக்கு அந்த அறிவுகூட இல்லையே! உங்க பையன் அங்க யாருக்காக நிக்கறாரு? வெட்டி வேலை."

பெரியவர் கத்தியையும் பாராமல் தலையைத் திருப்பினார். நல்லவேளை, மீன்காரர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"என் பையன் பண்றது வெட்டி வேலையா? எந்திரிச்சுப் போய்யா!"

"ஐயா, அந்தப் பக்கம் இன்னும்..."

"போன்னா போ!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவான். அதற்காகப் பளபளவென்று உட்காரும் மனிதர், இப்போது ஒரு கன்னம் வழவழ, ஒரு கன்னம் முள். நான் மழித்துவிடுகிறேன் என்றேன்.

"அவன் ஆரம்பிச்சதை அவனே முடிக்கட்டும். ஆனா இந்த வீட்டுக்குள்ள அவன் கால் வைக்கக் கூடாது."

"அது எப்படி நடக்கும்?"

"அது உன் பாடு."

கடைக்குப் போனேன். ஒருவர் முகத்தில் நுரையோடு காத்திருக்க, மீன்காரர் தொட்டி முன்னால் உம்மென்று நின்றார்.

"நான் சொன்னது தப்பாக்கா?"

"சண்டை நிக்கணும்கறது உங்க இஷ்டம். பிள்ளையை அனுப்பிட்டு உக்காந்திருக்கறவர்கிட்ட வெட்டி வேலைன்னா?"

"ஊர்ல எல்லாரும் நான் சொல்றதை ஒத்துக்கறாங்களே!"

"கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டுப் பாருங்க."

நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் அவசரமாகச் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு உட்காரவைத்தேன். வீட்டுக்குள் கால் வைக்காமல் மீன்காரர் பையோடு வந்து நின்றார். பெரியவர் முக்காலியைக் காட்டினார்.

"உக்காரு. மொதல்ல உனக்கு நான் நுரை போடறேன். நுரை இருக்கற வரைக்கும் நீ வாயைத் தொறக்கக் கூடாது."

மீன்காரர் முகத்தை நீட்டினார். பெரியவர் வலது கையால் பிரஷ்ஷைப் பிடித்தார்.

"நான் லாரி ஓட்டினப்பவும்" – கழுத்தில் ஒரு குத்து – "எதுக்குன்னு யாரும் சொல்லலை. ஆனா நான் கொண்டுபோன ரொட்டியை" – தாடையில் ஒரு குத்து – "பசிச்சவன் எவனோ தின்னான். என் பையனும் அங்க யாருக்கோ உதவியாத்தான் நிக்கறான். புரியுதா?"

பிரஷ் மீன்காரரின் உதடுவரை ஏறிவிட்டது. நான் பார்க்காததுபோல் துண்டை மடித்தேன். கவனித்ததாகத் தெரிந்தால் கையை இறக்கிவிடுவார்.

கைபேசி ஒலித்தது. எடுத்து நீட்டினேன். திரையில் மகன், இந்தப் பக்கம் பாதித் தாடியோடு அப்பா, பக்கத்தில் மூக்குவரை வெள்ளையாக மீன்காரர். மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அங்கயும் சண்டையாப்பா? யாரு ஜெயிச்சது?"

"நான்தான்."

மீன்காரரால் அடக்க முடியவில்லை. "தம்பி, சீக்கிரம் வீடு வந்து சேருங்க!" நுரை திரையெங்கும் தெறித்தது.

பெரியவர் அவரை முறைத்தார். பிறகு பிரஷ்ஷை நீட்டினார்.

"நீ சொன்னதுல அது ஒண்ணு சரி. இப்ப என் மிச்சத்தை முடி."

நான் திரையைத் துடைத்தேன். மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.