எஸ்தர் சிஸ்டரின் ஈட்டிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏலக்காய் ஸ்டோரில் எடை பார்த்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் சிஸ்டரின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே. எழுப்பப் போனப்பதான் தெரிஞ்சுது." கடைசி இரண்டு மாதம் அவர் பட்ட வலியைப் பார்த்தவன் நான். வலியில்லாமல் போனார் என்றதும் அழுகைக்கு முன்னால் ஒரு பெருமூச்சுதான் வந்தது.

சாந்தன்பாறையில் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அவர் இருபது வருடம் நர்ஸ். நான் ஆபீஸ் கிளார்க். அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட உங்களில் பலருக்கு, அவர் ஈட்டி எறியத் தொடங்கிய கதை தெரிந்திருக்காது. பள்ளியில் ஈட்டி எறிந்து பரிசு வாங்கியவர். ஐம்பது வயதில், வெளிநாடுகளில் ஒரு பழங்காலக் கருவியை வைத்துப் பொழுதுபோக்காக ஈட்டி எறிகிறவர்களைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். ஒரு முழ நீளக் கட்டை, நுனியில் ஒரு கொக்கி. ஈட்டியின் வால் அந்தக் கொக்கியில் உட்காரும். கட்டையை வீசினால் கையே நீண்டதுபோல ஈட்டி பாய்ந்து போகும். வில்லுக்கும் முந்தைய வேட்டைக் கருவி. எஸ்டேட் தச்சரிடம் சொல்லி ஒன்று செய்துகொண்டார். "தோளு வலிக்கல, தூரம் போவுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் நான் பார்த்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நான்கு பெண்களும் ஜீப்பிலிருந்து நீள நீளமாக ஈட்டிகளை இறக்கியதை மட்டும்தான். காட்டுப்பன்றி வேட்டை என்று முடிவுகட்டினேன். எஸ்டேட்டின் மேல் வழக்கு வந்தால் என் வேலையும் போய்விடுமே என்று பயம். பெயர் போடாமல் வன அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

ஈட்டிகளோடு வரச்சொல்லி சிஸ்டரைக் கூப்பிட்டுவிட்டார்கள். துணைக்கு மேனேஜர் அனுப்பியது என்னை. வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"எந்தா சிஸ்டரே இது?" என்று மலையாளத்தில் கேட்டார் வன ரேஞ்சர். சிஸ்டர் வெளியே போய், ஜீப்பில் கொண்டுவந்திருந்த வைக்கோல் திணித்த சாக்கை முற்றத்தில் நிறுத்தி மூன்று முறை எறிந்தார். மூன்றும் சாக்கில் குத்தி நின்றன. ஆசை வந்து ரேஞ்சரும் வாங்கி எறிந்தார். ஈட்டி அவர் காலடியிலேயே விழுந்தது. அலுவலகமே சிரித்தது. எஸ்டேட் மைதானத்தில் மட்டும் எறியவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஜீப்பில் ஏறும்போது, "ஞாயித்துக்கெழம நீங்களும் வாங்க தம்பி" என்றார் சிஸ்டர். போனேன். மூன்று வருடம் விடாமல் போனேன். கடிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு மதியம், அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "சிஸ்டர், அந்தக் கடுதாசி நான் எழுதுனதுதான்."

"தெரியும் தம்பி. ரேஞ்சர் மேசையில விரிஞ்சு கெடந்துச்சு. தெனமும் நீங்க கைப்பட எழுதி அனுப்புற சீக்காளிங்க லிஸ்ட்டப் படிக்கிறவளுக்கு அந்த எழுத்து தெரியாதா?"

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா மைதானத்துக்கு வந்திருப்பீங்களா?" சிரிக்கப் போய் இருமினார். "பயந்தாங்கொள்ளியா இருந்தாலும் எறியிறது நல்லாத்தான் எறியிறீங்க."

அன்று வீட்டுக்கு நடந்தபோது உடம்பே லேசாக இருந்தது. அடக்கத்தன்று கல்லறையருகே நேராக நிற்க முடிந்ததும் அதனால்தான்.

எல்லாம் தெரிந்திருந்தும், ஒவ்வொரு ஞாயிறும் என் பின்னால் வந்து நின்று, தாழ்ந்துவிடும் என் முழங்கையைப் பிடித்து உயர்த்தி, "ம், இப்ப எறிங்க" என்பார். அந்தக் கையின் பிடி இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.