ஒரே மேசை, இரண்டு டிராயர்

அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவரை இத்தனை வெறுக்க முடியும் என்பதே எனக்கு அவரால்தான் தெரிந்தது. தெரிந்ததெல்லாம் அவர் குரல்: நெய் தடவிய இந்தி, ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் ஒரு மெல்லிய சிரிப்பு. "சிந்தா மத் கரோ, பெஹன்ஜி." கவலைப்படாதே சகோதரி. கடல் தாண்டி ஒரு துறைமுக ஊரில் அரிசி விற்கிறார், கப்பல்களுக்கு ஏஜென்ட் வேலை பார்க்கிறார், அதோடு நம் நாட்டின் கௌரவத் தூதராகவும், அதாவது கான்சலாகவும் இருக்கிறார். கடை வாசலில் நம் கொடி பறக்கிறது. அது நனைந்தால் உள்ளே எடுத்து வைக்க ஆள் உண்டாம். என் தங்கை புருஷன் நனைந்தால் கேட்க ஆள் இல்லை.

மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் சமையல்காரர். எஞ்சின் அறைக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கும்போது எண்ணெய் படிந்த ஏணி அவரைக் கீழே தள்ளிவிட்டது. கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்தது. அந்தத் துறைமுகத்தில் இறக்கி, மாவுக்கட்டுப் போட்டு, ஒரு அறையில் படுக்க வைத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. சமையல்காரனின் காலுக்காக எந்தக் கப்பலும் நிற்பதில்லை. கட்டுப் போட்ட டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார்: எலும்பு சரியாக உட்காரவில்லை, சீக்கிரம் ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள், தாமதித்தால் கோணலாகவே சேர்ந்துவிடும்.

ஊருக்கு வரப் பாஸ்போர்ட் வேண்டும். கப்பலில் ஏறிய அன்றே அதைக் கேப்டன் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். கப்பல் போய்விட்டது.

அந்த நாட்டில் நமக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. தலைநகரத்தில் டெல்லியிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் தூதரகம் ஒன்று. துறைமுக ஊரில் இந்த அரிசிக்காரர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது தூரம் ஒன்றுதான். எங்கள் தீவுகளில் ஒன்றான பாராடாங்கில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு ரோடு, படகு, மறுபடி ரோடு. அதற்கு மேல் என்றால் மெயின்லேண்ட், அதாவது கடல் தாண்டிப் பெருநிலம். அதனால் தீவுக்காரன் பெரிய டாக்டரைத் தேட மாட்டான், பக்கத்தில் இருக்கிற டாக்டரைத் தேடுவான். அந்தப் புத்தியோடுதான் இதையும் முடிவு செய்தோம்.

போர்ட் பிளேரின் சாத்தம் படகுத்துறையில், அக்கரை பேம்பூஃப்ளாட்டிலிருந்து வந்த படகை விட்டு இறங்கியதும் தங்கை சொன்னாள்: "தலைநகரம் ஒரு ராத்திரி பஸ் தூரமாம் அண்ணா. நம்ம மெயின்லேண்ட் மாதிரி. இவரு அதே ஊர்ல இருக்காரு. கொடி வச்சிருக்காரு. கொடி வச்சவங்க சர்க்கார்தானே?"

நானும் தலையாட்டினேன். கப்பல், கரண்ட், ரேஷன் எல்லாமே சர்க்காராக இருக்கிற மண்ணில் கொடியைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

ஒவ்வொரு முறை கூப்பிட்டாலும் ஒரே பதில். பாஸ்போர்ட் இன்னும் கான்சலேட்டுக்கு வந்து சேரவில்லை, பெஹன்ஜி. வந்ததும் முதல் வேலை அதுதான், பெஹன்ஜி. வாரங்கள் போயின. கட்டுக்குள் எலும்பு தன்னிஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டிருந்தது. இடையில் அரிசிக்கடை ஆள் ஒருவன் மாப்பிள்ளையிடம் ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறான். வேலை நேரத்தில் அல்ல, சொந்தக் காரியமாக ஏணியில் இறங்கி விழுந்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். மாப்பிள்ளை போனில் கத்தவில்லை, கேட்டார்: "சாப்பாட்டுத் தூக்கோட எவன் மச்சான் வாக்கிங் போவான்?"

கப்பல் கம்பெனி நஷ்டஈடு தராமல் தப்பிக்க உதவும் காகிதத்தைத் தூதர் ஏன் கொடுத்தனுப்ப வேண்டும்? அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தலைநகரத் தூதரகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அதிகாரி தமிழர். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, ஆனால் ஈரமில்லாத குரல்.

"எங்களுக்கு எழுதினீங்களா?"

"உங்க கான்சல்கிட்டதான் தினமும் பேசறோமே."

"அவரு எங்க ஆளு இல்லீங்க."

"கொடி?"

"கொடி நாங்க குடுத்ததுதான். சம்பளம் குடுக்கறதில்லை. அந்த ஊர்லயே பொறந்து யாவாரம் பண்றவரு. அதிகாரி போட முடியாத ஊர்ல அப்படி ஒருத்தரை வெச்சுக்கறது. பாஸ்போர்ட்டெல்லாம் அவரு குடுக்க முடியாது. மனு வந்தா எங்களுக்கு அனுப்பலாம். அதுவும் ஒண்ணும் வரலை."

"அப்ப நீங்க?"

"நான் சர்க்கார் சம்பளக்காரன். இங்க ஒரு பொட்டிக்கடை வெச்சாக்கூட என்ர வேலை போயிரும். அவரு வெக்கலாம். மூணு வருசம் போனா எனக்கு வேற ஊரு. அவரு அங்கயேதான். மொத நாளே எங்ககிட்ட வந்திருக்கோணும் நீங்க."

குற்றவாளியிடம் பேசுவதுபோல் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்தார். நன்றி சொல்ல இடம் தரவில்லை. அவர் மீதும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் மறுநாள் கூப்பிட்டது அவர்.

"இமிக்ரேசன்ல விசாரிச்சுட்டேன். இறக்கி விட்ட அன்னிக்கே கேப்டன் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில குடுத்துட்டாரு."

"ஏஜென்ட் யாரு?"

"உங்க அரிசிக்காரருதானுங்க."

அதிகாரி தொடர்ந்தார். கேட்டதற்கு அந்த மனிதர் கொஞ்சமும் பதறவில்லையாம். என் மேசையில் இரண்டு டிராயர் என்றாராம். ஒன்று கான்சலேட், ஒன்று கப்பல் ஏஜென்சி. பாஸ்போர்ட் இருந்தது ஏஜென்சி டிராயரில். தூதரகக் காகிதத்தையும் வியாபாரக் காகிதத்தையும் கௌரவத் தூதர் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது சட்டம், நான் கலக்கவில்லை. கான்சலேட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள், வரவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். இதை அதிகாரி சிரிக்காமல் ஒப்பித்தார். இரண்டு டிராயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் மாப்பிள்ளையின் கால் கிடந்து புழுங்கியிருக்கிறது.

அன்று சாயங்காலமே பாஸ்போர்ட் மாப்பிள்ளை கைக்கு வந்தது. சில நாளில் அவரும் ஊர் வந்து சேர்ந்தார், இரண்டு ஊன்றுகோலோடு. போர்ட் பிளேர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோணலாகச் சேர்ந்துவிட்டது. மறுபடி முறித்துத்தான் நேராக்க வேண்டும். இங்கே முடியாது, மெயின்லேண்ட்.

அந்த வாரமே நெய்க்குரல் கூப்பிட்டது. பதவிக்காலம் முடிகிறதாம், புதுப்பிக்க வேண்டுமாம். தான் செய்த உதவியைப் பற்றி நாலு வரி நன்றி எழுதி அனுப்பினால் உபகாரமாக இருக்குமாம். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் தீவு இந்தியில் நிதானமாகக் கேட்டாள்: கான்சலாகப் பேசுகிறீர்களா, ஏஜென்டாகப் பேசுகிறீர்களா?

சிரிப்பு. "தோனோ, பெஹன்ஜி." இரண்டும்தான்.

"அப்படியானால் என் வீட்டுக்காரர் கால் எந்த டிராயரில் இருக்கிறது?"

பதில் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை, துண்டித்தாள்.

கட்டிலிலிருந்து மாப்பிள்ளை முனகினார். "நாலு வரிதானே, எழுதிப் போட்டிருக்கலாம். நாளைக்கே அந்தத் துறைமுகத்துல மறுபடி இறங்க வேண்டி வந்தா?"

"இறங்குறதுக்கு மொதல்ல கால் நேராகட்டும்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நாலு வரி கேட்டாருல்ல, எழுது. அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கு அனுப்பு."

எழுதினேன். கழுகு, கடல், அழுகல் என்று என்னென்னவோ வந்து விழுந்தது. அவள் வாங்கிப் படித்துவிட்டுப் பாதிக்கு மேல் அடித்தாள். "கவிதையெல்லாம் வேணாம். ரெண்டு டிராயரை மட்டும் எழுது. படிக்கிற ஆபீசருக்கு அது போதும்."

அனுப்பினோம். இதுவரை பதில் இல்லை. அந்தக் கொடி இன்னும் அங்கேதான் பறக்கிறது என்றுதான் கேள்வி. மெயின்லேண்ட் கப்பல் வந்ததும் மாப்பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். ஒட்டிய எலும்பை மறுபடி முறிப்பதற்காக, அத்தனை கடலையும் தாண்டிக் கூட்டிப் போனோம்.